குத்துப்போணி சொன்ன பேர்

உள்ளே வாருங்கள். ஆனால் காலை எங்கே வைப்பது என்பதை நான் சொல்கிறேன். அந்த மூலையில் கிரையப் பத்திரங்கள், ஜன்னலோரம் மொய் நோட்டுகள், நடுக்கூடம் முழுக்கப் பித்தளை. ஆமாம், பித்தளை! அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் குடும்ப வரலாறு எழுதும் வேலை உச்சத்தில் இருக்கிறது. புத்தகமாக வரும்போது அட்டை பளபளவென்று இருக்கும். அதற்கு முன்னால் புளியும் சாம்பலுமாக நாங்கள் நிற்கும் கோலத்தை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பத்திரக் கட்டு. பிரித்ததும் மிரட்டுவது குறிகள்தான். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. இந்த நான்கும் பழகிவிட்டால் பாதிப் பத்திரம் வசமாகிவிடும். பழைய பத்திர எழுத்தர் ஒரு ஆளை ஒரு தடவைதான் பேர் சொல்லி அழைப்பார், அப்புறம் கடைசி வரை அவர் ‘௸யார்’தான். எல்லோரும் விலையைத் தேடுவார்கள். நீங்கள் நேரே நான்கெல்லைக்குப் போங்கள். ‘இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் தோப்புக்குத் தெற்கு’ என்று வரும் பாருங்கள், அந்த இன்னார் பல சமயம் பாகம் பிரிந்துபோன அண்ணன் தம்பி! எங்கள் தாத்தாவுக்கு ஒரு பெரியப்பா இருந்த சங்கதியை வீட்டில் ஒருவரும் மூச்சு விட்டதில்லை. வடக்கு எல்லை போட்டுக் கொடுத்துவிட்டது.

பத்திரம் கைவசம் இல்லாதவர்கள் வில்லங்கச் சான்றில் தொடங்கலாம். 1975 முதல் உள்ளதை இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். சர்வே எண் தெரிந்தால் பிழைத்தீர்கள்.

அடுத்து ஜாதகம், எனக்கு ரொம்பப் பிடித்த கூத்து. தாத்தாவின் அப்பா பிறந்தது ‘பார்த்திப வருஷம் ஆடி மாதம்’. எந்தப் பார்த்திப? தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் 1885-ம் பார்த்திபதான், 1945-ம் பார்த்திபதான். நல்லவேளை, திருநெல்வேலிப் பக்கத்து ஜோசியர்கள் கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதுவார்கள். ஓலையில் கொல்லம் 1060. ஆவணியில் தொடங்கும் கணக்கு அது. ஆவணி முதல் டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி வரை 825. ஆக, 1885. கணக்குப் போட்டு முடித்ததும் சித்தப்பா துள்ளிய துள்ளலில் ஒரு சொம்பு உருண்டது!

பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டையும் பாருங்கள், அப்பா பேருக்காக, ஊருக்காக. பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு என்ற காலம் அது. ஜூனில் பள்ளி திறக்கும், வாத்தியார் அதற்குத் தோதாக ஒரு தேதியைப் போட்டுவிடுவார். எங்கள் பெரியப்பா, சித்தப்பாக்கள் எல்லோரும் மே மாதத்தில் பிறந்தவர்கள். ஆச்சியைக் கேட்டால் ஒருத்தர் ஐப்பசி மழையில், இன்னொருத்தர் பொங்கலுக்கு மறுநாள்!

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்கும் போய்வந்தோம். முன்பின் பார்த்திராத பங்காளிகளெல்லாம் ஒரே பொங்கல் பானையைச் சுற்றி நிற்கும் நாள் அது. கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு ஒன்று இருக்கிறது. வரி கட்டிய ஒவ்வொரு குடும்பத் தலைவர் பேரும் அதில் உண்டு.

இங்கேதான் எனக்கு உறைத்தது. தலைவர், குமாரர், சகோதரர்! இவ்வளவு காகிதத்திலும் பெண்கள் எங்கே? பத்திரத்தில் தப்பித்தவறி வந்தாலும் ‘இன்னார் பெண்சாதி’ என்பதோடு சரி. எந்த வீட்டில் பிறந்தாள் என்பதற்குத் தடயமே இல்லை. நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களைத்தான் காகிதம் ஞாபகம் வைத்திருக்கிறது.

அதனால்தான் மச்சிலிருந்து பாத்திரங்கள் இறங்கின. சீராக வந்த பாத்திரத்தில் பேர் வெட்டுவது நம் வழக்கமல்லவா? மெஷின் வருவதற்கு முன்னால் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருப்பார்கள். புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, எழுத்தின் மேல் திருநீற்றைத் தடவினால் வெள்ளை வெளேரென்று பேர் எழுந்து வரும்.

ஆச்சியின் தாய்வழித் தாத்தா பேர் எங்களில் யாருக்கும் தெரியாது. ஊரே அவரைக் ‘கொழும்பார்’ என்றுதான் கூப்பிட்டதாம். பெண்சாதியோ புருஷன் பேரை வாயால் சொல்லாத காலத்து மனுஷி. கேட்டால், “செந்தூர்ச் சாமி பேருதான்” என்பாளாம். முருகனுக்கா பேர் பஞ்சம்? சுப்பிரமணியன், சண்முகம், வேலாயுதம் என்று நாங்கள் அடுக்கிக்கொண்டே போனோம்.

அப்போது ஒரு குத்துப்போணி கைக்கு வந்தது. திருநீற்றைத் தடவினேன். ஆச்சியுடைய அம்மையின் பேர், அதன் முன்னால் ஒரே ஒரு எழுத்து: ‘ஆ’. கீழே கொல்லம் 1099, தை. அதாவது 1924, அவர்கள் கல்யாண வருஷம்! கல்யாணத்துக்கு வெட்டிய பேரில் இனிஷியல் பிறந்த வீட்டுடையது அல்லவா? ‘ஆ’வில் தொடங்கும் முருகன் பேர் என்ன? நான் சொல்ல மாட்டேன், அந்தக் கிழவி காத்த விரதத்தை நானா உடைப்பேன்? ஆச்சி மட்டும், “ஏட்டி, இதுலயா இத்தனை நாளும் மோர் கடைஞ்சேன்!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

மொய் நோட்டும் லேசுப்பட்டதல்ல. ஊர், பேர், தொகை என்ற வரிசையில் எழுதியிருப்பதால் எந்தெந்த ஊரில் சொந்தம் இருந்தது என்பது அப்படியே கிடைத்துவிடும். அட்டை கிழிந்து தேதி போய்விட்டதா? தொகையைப் பாருங்கள். அணாக் கணக்கு என்றால் அநேகமாக 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்திய விசேஷம். எங்கள் நோட்டில் கல்லிடைக்குறிச்சி என்று ஊர் போட்டு ஒருவர் எட்டணா எழுதியிருக்கிறார். யாரென்று இன்னும் பிடிபடவில்லை, சித்தப்பா தூக்கத்திலும் அவரைத் தேடுகிறார்.

ஆச்சியின் பேச்சைப் பதிவு செய்ய ஒரு சூட்சுமம் உண்டு. “பழைய கதை சொல்லுங்கள்” என்று போனை நீட்டினால் வாயைத் திறக்கமாட்டாள். முருங்கைக் கீரை உருவும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, “உங்க கல்யாணத்துல யார் சண்டை போட்டா?” என்று கேட்டால் போதும். ஒரு கிளைக் குடும்பமே வந்து விழும்!

பழைய பித்தளையைக் கொடுத்து எவர்சில்வர் வாங்கிய வீடுகளில் எத்தனை பெண்களின் பேர் உருகிப்போனதோ. உங்கள் வீட்டு அண்டா, சருவத்தைக் கடைக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்னால் கழுத்திலும் அடியிலும் திருநீறு தடவிப் பார்த்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். யார் யாருக்குக் கொடுத்த சீர் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள்.