ஜேடர்பாளையத்திலிருந்து பார்த்தால் தெரியும் நாமக்கல்

தலைநகர்னு சொன்னதும் நமக்குச் சென்னை, போபால், ராய்ப்பூர்னு மாநிலத் தலைநகரங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா காவிரிக்கரையில ஜேடர்பாளையத்துல இருக்கிற ஒருத்தருக்கு அரசாங்கம்கிறது நாமக்கல்தான். முதியோர் பணம் நின்னு போச்சா, வாய்க்கால்ல தண்ணி வரலையா, பாதையை யாராவது மறிச்சுட்டாங்களா, திங்கட்கிழமை மனுவை எடுத்துக்கிட்டு முப்பது கிலோமீட்டருக்கு மேல பஸ் ஏறி ஆட்சியர் அலுவலகம் போகணும். 1997 ஜனவரி 1-க்கு முன்னாடி இதே மனு சேலத்துக்குப் போகணும். அன்னைக்குத்தான் சேலத்துலேர்ந்து பிரிஞ்சு நாமக்கல் தனி மாவட்டம் ஆச்சு.

ஒரு ஊர் தலைநகர் ஆச்சுன்னா அந்த ஊருக்கு என்ன கிடைக்குது, சுத்தி இருக்கிற ஊருக்கு என்ன கிடைக்குது? ரொம்ப நாளா எனக்கு இருக்கிற கேள்வி இது. 2000-ல சத்தீஸ்கர் பிரிஞ்சப்போ ராய்ப்பூர் தலைநகர் ஆச்சு. தலைமைச் செயலகம் வந்தது, அதிகாரிகள் வந்தாங்க, வீடு, ஹோட்டல், சாலைன்னு சம்பளப் பணத்தைச் சுத்தி ஊர் வளர்ந்தது, பக்கத்துல நவ ராய்ப்பூர்னு ஒரு புது நகரமே எழும்புச்சு. நாமக்கல் கதை அப்படியே தலைகீழ். இங்க பணம் முன்னாடியே வந்துடுச்சு, பதவிதான் பின்னாடி வந்தது.

நாமக்கல்லைச் சுத்தி இருக்கிறது மேட்டு நிலம். காவிரி இந்த மாவட்டத்தோட மேற்கு, தெற்கு ஓரத்தை ஒட்டி ஓடுது, ஊருக்குள்ள வர்றதில்லை. மழையை நம்பி வெள்ளாமை வெச்சு பிழைக்க முடியாத ஆளுங்க லாரிக்குப் போனாங்க. க்ளீனரா ஏறினவர் டிரைவர் ஆகி, நாலஞ்சு பேர் கூட்டுச் சேர்ந்து ஃபைனான்ஸ்ல ஒரு வண்டி வாங்கி, அது ரெண்டாகி மூணாகினதுதான் இந்த ஊரோட பணக்கதை. லாரி வந்தா அதுக்குப் பாடி கட்டணும். அதனால தச்சர், கொல்லர், வெல்டர், பெயிண்டர், பட்டை வேலை பாக்கிறவர், டயர் ரீட்ரெடிங் பண்றவர்னு ஒரு வண்டியைச் சுத்தி பத்து தொழில் உருவாச்சு. வெறும் சேஸிஸா வர்ற வண்டி லாரியா மாறி வெளிய போகும். சமையல் எரிவாயு ஏத்துற புல்லட் டேங்கர் லாரிக்காரங்களோட தென்மண்டலச் சங்கம் இருக்கிறது இந்த ஊர்லதான். அவங்க வேலைநிறுத்தம்னு ஒரு அறிக்கை விட்டா ஆறு மாநிலத்துல சிலிண்டரைப் பத்தி பேச ஆரம்பிச்சுடுவாங்க. பக்கத்துத் திருச்செங்கோட்டுல இதே கூட்டுமுறையில ரிக் வண்டி வாங்கி இந்தியா முழுக்க ஆழ்குழாய்க் கிணறு போட்டாங்க.

கோழியும் இதே மேட்டு நிலத்துல வளர்ந்ததுதான். காத்துல ஈரம் குறைவு, நிலம் மலிவு, தீவனத்துக்கு மக்காச்சோளமும் சோயாவும் ஏத்திட்டு வர வீட்டு வாசல்லயே லாரி. 1982-ல முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தபிறகு நாமக்கல் மண்டலத்துக்குன்னு முட்டை விலை அறிவிக்கிற வழக்கம் வந்தது. அறிவிச்ச விலையிலேர்ந்து இத்தனை காசு குறைச்சுத்தான் எடுப்பேன்னு வியாபாரி சொல்றதுக்குப் பேரு 'மைனஸ்'. பண்ணையாளர்கள் கிட்ட பேசினா விலையை விட இந்த மைனஸைப் பத்தித்தான் அதிகம் பேசுவாங்க. 1985-ல கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1989-ல சத்துணவுல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சது 2010-ல வாரத்துக்கு அஞ்சுன்னு ஆச்சு. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தட்டு இந்த ஊருக்கு நிச்சயமான ஒரு சந்தை.

மூணாவது தொழில் பள்ளிக்கூடம். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகத் தமிழ்நாடு முழுக்க இருந்து பிள்ளைங்களைக் கொண்டுவந்து ஹாஸ்டல்ல விட்டாங்க. இதுக்கு 'பிராய்லர் பள்ளி'ன்னு பேர் வந்ததுல கிண்டல் பாதி, ஊரோட அடையாளம் பாதி. 2017-ல மாநில ரேங்க் அறிவிக்கிறதை அரசு நிறுத்துச்சு, அதே வருஷம் நீட்டும் வந்தது. பல பள்ளிகள் அப்படியே நீட் பயிற்சிக்குத் திரும்பிட்டாங்க. இதைப் பத்தித் தனியா எழுதணும், இங்க போதும்.

ஆக லாரி, முட்டை, பள்ளிக்கூடம். இவ்வளவு பணம் புரள்ற ஊரோட 2011 கணக்கெடுப்பு மக்கள்தொகை வெறும் 55,145. மாவட்டத்துக்கே 17 லட்சம்தான். இப்பத்தான் என் கேள்விக்கு வர்றேன். இவ்வளவு சம்பாதிக்கிற ஊர்ல தெருவும் சாக்கடையும் ஏன் அந்தப் பணத்துக்கு ஏத்த மாதிரி இல்லை?

காரணம் ரொம்பச் சாதாரணம். சம்பாத்தியம் இருக்கிற இடத்துல வரி வாங்குற அதிகாரம் நகராட்சிக்குக் கிடையாது. ஒரு லாரியை எடுத்துக்கங்க. சாலை வரி மாநில அரசுக்கு. டீசல் மேல கலால் வரி மத்திய அரசுக்கு, விற்பனை வரி வண்டி எந்த மாநிலத்துல டீசல் போடுதோ அந்த மாநிலத்துக்கு. பாடி கட்டினதுக்கு ஜிஎஸ்டி ரெண்டு அரசுக்கும். வண்டி எண்ணே நாகாலாந்துப் பதிவா இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. கோழிப்பண்ணை ஒண்ணுகூட ஊருக்குள்ள இருக்க முடியாது. நாத்தமும் ஈயும் எந்த ஊர்ல விடுவாங்க? எல்லாம் சுத்துப்பட்டு ஊராட்சிகள்ல. நகராட்சி கைக்கு நேரா வர்றது வீட்டு வரி, தண்ணிக் கட்டணம், கடை வாடகை, தொழில் வரி. இந்தத் தொழில் வரி இருக்கே, ஒருத்தர்கிட்ட வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக்கூடாதுன்னு அரசியலமைப்புச் சட்டத்துலயே எழுதியிருக்கு. அந்த உச்சவரம்பு 1988-ல வெச்சது, இன்னும் அதேதான். நூறு லாரி வெச்சிருக்கிறவருக்கும் மாசச் சம்பளக்காரருக்கும் ஒரே கூரை.

வீட்டு வரி மட்டும்தான் நகராட்சி நிஜமாவே கூட்டக்கூடியது. அதையும் மாநில அரசுதான் எப்போ, எவ்வளவுன்னு சொல்லும். 2022 ஏப்ரல்ல சென்னைக்கு வெளிய இருக்கிற நகரங்கள்ல வீட்டோட பரப்பைப் பொறுத்து 25 சதவீதத்துலேர்ந்து 100 சதவீதம் வரைக்கும் கூட்டினாங்க. ஊரே கத்துச்சு. கத்துனவங்களைக் குறை சொல்லலை. ஆனா அதுக்கு முன்னாடி பல வருஷம் கூட்டாமலே ஓட்டினதோட பாக்கி அது.

பணம் மட்டுமே பிரச்சினைன்னும் சொல்லிட முடியாது. இதே நாமக்கல் நகராட்சி 2000-களோட தொடக்கத்துல 'குப்பையில்லா நகரம்'னு பேர் வாங்குச்சு. வீடு வீடா குப்பை எடுத்து, மக்கும் குப்பையை உரமாக்கி, ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் வரைக்கும் போனாங்க. வேற ஊர் அதிகாரிங்க எல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க. அப்பவும் வரிக்கட்டமைப்பு இதேதான். அன்னைக்கு இருந்தது அக்கறை உள்ள அதிகாரிகளும், அதோட ஒத்துப்போன ஊர்க்காரங்களும். அது ஆட்களை நம்பி நடந்த காரியம். ஆள் மாறினா வேகம் குறையும், குறைஞ்சது.

இன்னொரு விஷயத்தை ஜனங்க சீக்கிரம் மறந்துட்டாங்க. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செஞ்சது. அதுக்கப்புறம் நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-லதான். அஞ்சு வருஷத்துக்கு மேல தமிழ்நாட்டுல எந்த நகரத்துலயும் கவுன்சிலர்னு ஒருத்தர் இல்லை. தெருவிளக்கு எரியலைன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டுறது? தனி அலுவலர் வீடு எங்க இருக்குன்னுகூட யாருக்கும் தெரியாது. நல்ல அதிகாரி வந்தா வேலை நடக்கும், கேள்வி கேட்க ஆள் இருக்காது. ஊராட்சிகளுக்கும் இப்ப அதே நிலைதான். 2019 டிசம்பர்ல தேர்ந்தெடுத்தவங்களோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சு, தனி அலுவலர்கள் வந்தாங்க.

இந்த நேரத்துலதான் பதவிகள் வரிசையா வந்துச்சு. 2013-ல சேலம் - கரூர் ரயில் பாதை திறந்து ஊருக்கு ரயில் வந்தது. 2022 ஜனவரி 12-ல ஒரே நாள்ல திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகள்ல நாமக்கல்லும் ஒண்ணு. ஜேடர்பாளையம் மாதிரி ஊருங்களுக்கு இந்த எல்லாத்துலயும் நிஜமான லாபம் இதுதான்னு நினைக்கிறேன், பெரிய வைத்தியம்னா சேலம், ஈரோடுன்னு ஓடுறது குறைஞ்சது. 2024 ஆகஸ்ட்ல புதுக்கோட்டை, திருவண்ணாமலை, காரைக்குடியோட சேர்ந்து நாமக்கல்லும் மாநகராட்சி ஆச்சு. அதே வருஷம் அக்டோபர்ல முதலைப்பட்டியில புது பஸ் ஸ்டாண்ட் திறந்தாங்க. பழைய பஸ் ஸ்டாண்டைச் சுத்தி டீக்கடை, பழக்கடை வெச்சிருந்தவங்க கூட்டம் போயிடுச்சேன்னு புலம்பினாங்க. ஊருக்குள்ள நெரிசல் குறையணும்னா அது தவிர்க்க முடியாததுதான்.

மாநகராட்சின்னா சுத்தி இருக்கிற ஊராட்சிகளையும் சேர்க்கணும். இங்கதான் சண்டை. சேர்க்கப்போற கிராமத்துக்காரங்க கேட்கிறது ரெண்டே கேள்வி: வீட்டு வரி எவ்வளவு ஏறும்? 100 நாள் வேலை போயிடுமா? அந்த வேலைத் திட்டம் ஊராட்சிக்கு மட்டும்தான். நகரம் ஆன அன்னைக்கே அது போயிடும், பாதாளச் சாக்கடை பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் வரும். கையில இருக்கிறதை விட்டுட்டு வரப்போறதுக்குக் காத்திருக்கச் சொன்னா எந்த வயசான அம்மாவும் ஒத்துக்காது. இதை 'வளர்ச்சிக்கு எதிர்ப்பு'ன்னு எழுதுற செய்திகளைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். மோகனூர்ப் பக்கம் வளையப்பட்டியில சிப்காட் வேண்டாம்னு விவசாயிங்க நிக்கிறதும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

இப்ப தண்ணிக்கு வருவோம். ஜேடர்பாளையம் படுகை அணையிலேர்ந்து ராஜவாய்க்கால் பிரியுது. அதை ஒட்டி குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால். ராஜவாய்க்காலை வெட்டுனது அல்லாள இளைய நாயக்கர்னு இந்தப் பக்கத்துல எல்லாரும் சொல்வாங்க, அவருக்கு ஜேடர்பாளையத்துல சிலையும் இருக்கு. பரமத்தி வேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் வரைக்கும் வெத்தலைக் கொடிக்கால், வாழை, கரும்பு எல்லாம் இந்த வாய்க்காலோட பிள்ளைங்க. கரும்பு ஆலையில காய்ச்சி வெல்லமாகி, முப்பது கிலோ சிப்பமா பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும். வெத்தலை கவுளிக் கணக்குல, சுமைக் கணக்குல வேலூர் சந்தைக்குப் போகும். நாமக்கல் மேட்டு நிலத்தோட பொருளாதாரம் வேற, இந்தக் கரையோட பொருளாதாரம் வேற. லாரி இன்னைக்குச் சும்மா நின்னா நாளைக்கு ஓட்டிக்கலாம். கொடிக்கால் பதினஞ்சு நாள் தண்ணி இல்லாம நின்னா காஞ்சு போகும், திரும்ப வெத்தலை கிள்ள மாசக்கணக்கு ஆகும். அதனாலதான் பராமரிப்புக்கு வாய்க்காலை அடைக்கப்போறோம்னு அறிவிப்பு வந்தாலே இந்தப் பக்கம் பதட்டம் ஆயிடுது.

நாமக்கல் ஊருக்குக் குடிதண்ணி முன்னாடி மோகனூர்ப் பக்கத்துக் காவிரியிலேர்ந்து வந்தது. ஊர் பெருசாக ஆக அது பத்தலை. அப்புறம் ஜேடர்பாளையத்துல இருந்தும் குழாய் போட்டாங்க. ஜேடர்பாளையத்துக்காரங்க ஆடிப்பெருக்குக்கு வர்ற கூட்டத்துக்கு மீன் வறுத்துக் கொடுக்கிற அதே ஆத்துலேர்ந்து, மாநகராட்சிக்கும் தண்ணி போகுது. குடிக்கிற தண்ணியை யாரும் வேண்டாம்னு சொல்லப் போறதில்லை. குடிநீருக்கு எடுக்கிற அளவும் பாசனத்தோட ஒப்பிட்டா குறைவுதான். ஆனா மேட்டூர்ல திறப்பு குறையிற கோடையில ரெண்டு பக்கமும் ஒரே தண்ணியைத்தான் பாக்குது.

அதை விடப் பெரிய சிக்கல் ஆத்துக்கு மேல இருக்கு. பள்ளிபாளையம், குமாரபாளையம் ரெண்டும் இதே நாமக்கல் மாவட்டம், ரெண்டும் ஜேடர்பாளையத்துக்கு மேல காவிரிக்கரையில, ரெண்டுலயும் விசைத்தறியும் சாயப்பட்டறையும். சுத்திகரிக்காம விடுற சாயக்கழிவு கீழதான் வரும். அப்பப்போ அதிகாரிகள் போய் அனுமதி இல்லாத பட்டறைகளை இடிக்கிறாங்க, கொஞ்ச நாள்ல வேற இடத்துல முளைக்குது. அங்கயும் பிழைப்புதான் காரணம். பட்டறை மூடினா தறி நிக்கும், தறி நின்னா கூலி நிக்கும்.

நாமக்கல் மாநகராட்சி கவுன்சிலருக்குப் பள்ளிபாளையத்துப் பட்டறை மேல எந்த அதிகாரமும் இல்லை. பள்ளிபாளையம் நகராட்சிக்கு ஜேடர்பாளையத்துத் தண்ணியைப் பத்திக் கவலைப்பட வேண்டிய கட்டாயம் இல்லை. ஜேடர்பாளையத்துல இப்ப தேர்ந்தெடுத்த தலைவரே இல்லை. வாய்க்கால் நீர்வளத்துறை கையில, சாயக்கழிவு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கிட்ட, குழாய் வேற ஒரு துறை. இந்த எல்லாருமே பதில் சொல்லியாக வேண்டிய ஒரே இடம் திருச்செங்கோடு சாலையில இருக்கிற ஆட்சியர் அலுவலகம். மாசம் ஒரு நாள் அங்க விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். வாய்க்கால் அடைப்புத் தேதி, சாயத்தண்ணி, வெல்லத்துல சர்க்கரை கலப்படம், முட்டை விலை எல்லாம் ஒரே மேசைக்கு வரும். மாவட்டம் பிரியாம இருந்திருந்தா அந்த மேசை சேலத்துல இருந்திருக்கும், வேலூர்க் கொடிக்கால்காரர் அங்க போய்ப் பேச ஒரு நாள் கூலியை முழுசா விட்டிருக்கணும். இப்ப விடிகாலையில வெத்தலை கிள்ளிப் போட்டுட்டுப் பஸ் ஏறி, பேசிட்டு, சாயங்காலம் தண்ணி பாய்ச்சத் திரும்பிடலாம்.