பக்கத்தின் ஓரத்தில் ஓர் எறும்பு

யானை குளத்துக்குப் போகிற கதை. நான் குரலை ஏற்றி இறக்கி, கையைத் தும்பிக்கையாக ஆட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தங்கை மகளுக்கு மூன்றரை வயது. அவள் விரல் பக்கத்தின் அடியில், யானையின் கால் நகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. "பெரியம்மா, இந்த எறும்பு எங்க போவுது?"

கதையில் எறும்பே கிடையாது. ஓவியர் தன் பாட்டுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக வரைந்துவைத்திருக்கிறார். பத்து முறையாவது படித்திருப்பேன், என் கண்ணில் பட்டதில்லை.

நான் எழுத்தைப் பார்க்கிறேன், அவள் படத்தைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். கனடாவில் இரண்டு உளவியலாளர்கள் நான்கு வயதுக் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டும்போது கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். 2005-இல் வெளிவந்த அந்த ஆய்வில், குழந்தைகளின் பார்வை ஏறக்குறைய முழு நேரமும் படத்தில்தான் இருந்தது. எழுத்தின் பக்கம் திரும்பியது அபூர்வம். எழுத்தை எவ்வளவு பெரிதாக அச்சிட்டாலும் அது நமக்குத்தான். குழந்தை படிப்பது படத்தை.

அதனால் கடையில் புத்தகத்தை எடுத்ததும் எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். கதை கொஞ்சமாவது நகர வேண்டும். எழுத்து சொல்லாத எதையாவது படம் சொல்ல வேண்டும். 'யானை சிரித்தது' என்று எழுத்து, மேலே சிரிக்கிற யானை, வேறொன்றும் இல்லை என்றால் குழந்தைக்கு அங்கே கேட்க என்ன இருக்கிறது?

அதற்காகப் பக்கம் முழுக்கச் சந்தைக்கடையாக இருக்கவும் கூடாது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2018-இல் ஒரு சோதனை. விரித்த பக்கங்களில் ஒரு படம் மட்டும் இருந்தபோது குழந்தைகள் புதுச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் படம் இருந்தபோது தடுமாறினார்கள், எந்தப் படத்தைப் பற்றிய பேச்சு என்று தெரியாமல். ஆனால் படிக்கும் முன் அந்தப் பக்கத்தின் மேல் கையை ஒரு தடவை தடவிக் காட்டினாலே அந்தத் தடுமாற்றம் போய்விட்டது. செலவில்லாத வைத்தியம்.

இழுத்தால் எழுந்து நிற்கும் அட்டை யானைகளும் இதே ரகம்தான். அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட புத்தகத்தில் குழந்தைகள் விலங்குகளின் பெயரைக் குறைவாகவே கற்றார்கள். கவனம் இழுப்பதிலேயே போய்விடுகிறது. எங்கள் வீட்டில் அந்தத் தும்பிக்கை இரண்டு நாள் தாங்கியது.

எறும்புக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, "எங்க போவுதுன்னு நீயே சொல்லு" என்றேன். சீனி வாங்கப் போகிறதாம். இந்த மாதிரிப் பேச்சின் பலனை 1988-இலேயே அளந்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர், இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பாதிக்குக் கேள்வி கேட்டுப் படிக்கவும், குழந்தை சொன்னதை நீட்டிச் சொல்லவும் பழக்கினார்கள். மறுபாதி வழக்கம்போலப் படித்தது. ஒரே மாதத்தில், பேச்சுத் திறனுக்கான ஒரு தேர்வில் முதல் பாதிக் குழந்தைகள் எட்டரை மாத வளர்ச்சி முன்னால் நின்றார்கள். நிறுத்தாமல் ஒரே மூச்சில் படித்து முடிப்பவர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கலாம்.

சில நாள் கழித்துச் சமையலறையில் அவள் அறிவித்தாள்: "எறும்பு சீனி டப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது." எங்கள் வீட்டில் யாரும் 'போய்க்கொண்டிருந்தது' என்று பேசுவதில்லை; 'போயிட்டிருந்துச்சு'தான். அந்தச் சொல் புத்தகத்திலிருந்து வந்திருக்கிறது.

தமிழ்க் குழந்தைக்குப் படப் புத்தகம் செய்யும் பெரிய உபகாரம் இதுதான் என்பது என் எண்ணம். 2015-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தார் 100 படப் புத்தகங்களை வீட்டுப் பேச்சோடு ஒப்பிட்டு, புத்தகத்தில்தான் விதவிதமான சொற்கள் அதிகம் என்று கண்டார்கள். அது ஆங்கிலம். தமிழிலோ சொல் மட்டுமல்ல, வினைமுற்றே வேறாகிவிடுகிறது. வீட்டில் ஒரு தமிழ், பாடப்புத்தகத்தில் ஒரு தமிழ் என்று முதல் வகுப்பில் விழிப்பதற்கு முன்பே காது பழகிவிட வேண்டும். அரபியிலும் இதே இரட்டை வழக்குதான். இஸ்ரேலில் அரபு மழலையர் வகுப்புகளில் சில மாதங்கள் எழுத்து அரபியிலேயே கதை படித்துக் காட்டினார்கள். புரியாது என்று பெரியவர்கள் நினைத்திருந்தார்கள். கேட்ட குழந்தைகளோ, கேட்காதவர்களைவிடக் கதையைப் புரிந்துகொள்வதிலும் படம் பார்த்துக் கதை சொல்வதிலும் முந்தினார்கள். 1993-இல் வெளியான ஆய்வு.

ஆகவே, 'என்றாள்' என்று இருப்பதை 'சொன்னா' என்று உடனுக்குடன் மாற்றாதீர்கள். உள்ளபடி படியுங்கள், படத்தைப் பற்றிய அரட்டை மட்டும் வீட்டுத் தமிழில் நடக்கட்டும்.

ஆனால் எழுத்துத் தமிழ் என்ற பெயரில் வருவதெல்லாம் தமிழ் அல்ல. ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த புத்தகங்கள் நிறைய. வாய்விட்டுப் படித்தால் இரண்டாம் வரியிலேயே நாக்கு தடுக்கும்.

கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி 'நீதி' போட்ட புத்தகங்களை நான் வாங்குவதில்லை. நீதி சொல்லும் விலங்குக் கதைகளே நாம் நினைக்கிற அளவுக்கு வேலை செய்வதாகத் தெரியவில்லை. டொராண்டோவில் 2017-இல் ஒரு சோதனை: பகிர்ந்துகொள்வது பற்றிய கதையை மனிதப் பாத்திரங்களோடு கேட்ட குழந்தைகள் தங்கள் ஸ்டிக்கர்களை முன்னைவிட அதிகமாகக் கொடுத்தார்கள், அதே கதையை விலங்குகளோடு கேட்டவர்களிடம் அப்படி நடக்கவில்லை. ஓர் ஆய்வை வைத்து யானையையும் முயலையும் ஒதுக்க நான் தயாரில்லை. அவற்றை வாத்தியாராக்க வேண்டாம் என்கிறேன்.

வாங்குவதற்கு இடமில்லாமல் இல்லை. சென்னையின் தூலிகா 1996-இலிருந்து தமிழிலும் படப் புத்தகம் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். எங்கே எடுத்தாலும் ஒரு பக்கத்தையாவது அங்கேயே நின்று சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அதை ஐம்பது முறை படிக்கப்போவது நீங்கள்தான்.