காலையில் மட்டும் கிளம்பாத வண்டி



ஆண்டிமடம் பக்கம் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்கு மார்கழியில் போயிருந்தோம். சேமிப்பு எழுதியாச்சு, கடன் வரவு எழுதியாச்சு. வழக்கமாக அதோடு எல்லோரும் வீட்டு வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அன்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "வண்டி விஷயம் ஒண்ணு பேசணும் மேடம்" என்றார் ஊக்குநர்.

கூட்டமைப்பில் கடன் வாங்கி ஒரு பழைய பெட்ரோல் வேன் வாங்கியிருக்கிறார்கள். உறுப்பினர்களின் தோட்டத்துக் கீரை, கத்தரி, வெண்டை எல்லாம் விடியற்காலையில் ஏற்றி ஜெயங்கொண்டம் கொண்டுபோகிறார்கள். ஓட்டுவதும் ஒரு உறுப்பினர்தான். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, இந்த வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது. வாரத்தில் ஆறு நாள் ஓட்டம், ஞாயிறு விடுமுறை.

இரண்டு மாதமாக ஒரு கோளாறு. ஒரு நாள் காலை சாவியைத் திருப்பியதும் கிளம்புகிறது. இன்னொரு நாள் எவ்வளவு அடித்தாலும் கிளம்பவில்லை. அஞ்சு மணிக்குப் போகிற கீரை ஏழு மணிக்குப் போனால் பாதி விலைதான். தவணையும் ஒரு மாதம் நின்றுவிட்டது. இதற்குள் பேட்டரி புதுசு, 4,200 ரூபாய். பிளக் மாற்றியாச்சு. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் ஒழுங்காக இருக்கும், பிறகு பழைய கதைதான்.

கூட்டத்தில் ஒரு அம்மா வெளிப்படையாகவே சொன்னார்: "என் மகன் சாயங்காலம் எடுத்தா ஒரே திருப்புல கிளம்புது. இவ கைக்குத்தான் மக்கர் பண்ணுது." சாவியை அந்தப் பையனிடம் கொடுத்துவிடலாம் என்று தீர்மானம் எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டார்கள். ஓட்டுநர் சகோதரி சுவரோரமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஒரு மாதம் அவகாசம் கேட்டு வாங்கினோம். எங்களுக்கும் வண்டி மெக்கானிசம் தெரியாது. தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கேட்டும், கூடவே நின்று பார்த்தும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், ஏன் காலையில் மட்டும் இந்தத் தகராறு?

பம்ப் ஸ்டவ் பற்ற வைத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பர்னர் சூடாகும் முன்னே பம்ப் அடித்தால் மண்ணெண்ணெய் அப்படியே பீய்ச்சும், மஞ்சள் தீயாகப் புகையும். சூடான பிறகுதான் எண்ணெய் ஆவியாகி நீலமாக எரியும். பெட்ரோலும் அதே மாதிரிதான். திரவமாக எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் பழைய வண்டிகளில் சோக் என்று ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். அதை இழுத்தால் கார்புரேட்டர் வாயில் உள்ள சின்னத் தட்டு மூடிக்கொள்ளும். காற்று குறைந்து, பெட்ரோல் கூடுதலாகப் போகும். சூடான என்ஜினுக்கு இது தேவையில்லை. சாயங்காலம் எடுக்கிற பையனுக்கு வண்டி உடனே கிளம்புவதில் ஆச்சரியம் இல்லை. காலையில் ஓடிச் சூடான வண்டியைத்தான் அவன் எடுக்கிறான்!

கிளம்பாத வண்டியில் முதலில் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், இல்லாவிட்டால் 'கர்ர்... கர்ர்...' என்று சோர்ந்த சத்தம் வந்தால் கோளாறு மின்சாரப் பக்கம். பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் இவற்றில் ஒன்று. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். விளக்கு ரொம்ப மங்கினால் பேட்டரியையும் அதன் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் முதலில் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து இறுக்கினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜ் குறைவு. புது பேட்டரி வாங்கும் முன் இதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், மீட்டர் எல்லா பேட்டரிக் கடையிலும் இருக்கும்.

செல்ஃப் 'கிர்ர்ர்' என்று வேகமாகச் சுற்றியும் கிளம்பவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. தீப்பொறி வரவில்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை. எது என்று பிளக்கே சொல்லிவிடும். பத்து செகண்ட் அடித்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, பற்றவில்லை. வறண்டிருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. இந்த ஒரு பார்வை தெரிந்தால் தேவையில்லாத செலவு எவ்வளவோ மிச்சமாகும்.

ஈரமாக இருந்தால் சோக்கை அளவுக்கு மீறி இழுத்திருக்கலாம். அல்லது பனி ஈரம் பிளக் ஒயரிலும் டிஸ்டிரிபியூட்டர் மூடியிலும் படிந்து, தீப்பொறி வழியிலேயே கசிந்து போகலாம். வெடித்த ஒயராக இருந்தால் இருட்டில் அங்கங்கே நீலப் பொறி தெறிப்பது கண்ணுக்கே தெரியும். காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள், சில சமயம் அதுவே போதும். வறண்டிருந்தால் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை பெட்ரோல் வருகிற வழியைத் தேட வேண்டும்.

சோக் குமிழை இழுத்தாலும் கம்பி தளர்ந்து தட்டு பாதிதான் மூடும் வண்டிகளும் உண்டு. ஒருவர் உள்ளே இழுக்க, இன்னொருவர் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். என்ஜின் நின்றிருக்கும்போது மட்டும் பாருங்கள்.

ஆனால் தினமும் மக்கர் பண்ணும் வண்டியில்தான் இதெல்லாம் சுலபம். நினைத்தபோது மக்கர் பண்ணும் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாகக் கிளம்பும். அவர் என்ன செய்வார்? சந்தேகப்பட்டதை மாற்றுவார். அவரையும் குறை சொல்ல முடியாது.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டோம். ரொக்கப் புத்தகம் எழுதுகிற நமக்கு இது புதுசா என்ன? தேதி, வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, எங்கே நின்றது, பனியா மழையா, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு, சோக் இழுத்தாரா, செல்ஃப் சத்தம் எப்படி, எத்தனை தடவை அடித்தார், கிளம்பாவிட்டால் பிளக் ஈரமா வறட்சியா. அந்தப் பையன் எடுத்தாலும் எழுத வேண்டும் என்று கண்டிஷன் போட்டோம். அவனும் ஒழுங்காகவே எழுதினான்.

நாலு வாரத்தில் ஆறு காலை வண்டி கிளம்பவில்லை. நோட்டைக் குழுவின் நடுவில் வைத்துப் பார்த்தோம். நாலு தடவை திங்கட்கிழமை. ஒன்று பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள். ஆக, ஐந்து தடவையும் வண்டி ஒரு நாளுக்கு மேல் ஓடாமல் நின்றிருந்தது. ஐந்திலும் செல்ஃப் முதலில் வேகமாகத்தான் சுற்றியது, பிளக் வறட்சி, டேங்கில் பெட்ரோல் அடிமட்டம். ஒரு ராத்திரி மட்டும் நின்ற நாட்களில், எவ்வளவு பனி பெய்தாலும், ஒரு தடவை தவிர கிளம்பிவிட்டது. அந்த ஒரு தடவை பிளக் ஈரம். "கிளம்பாதோன்னு பயந்து சோக்கை ரொம்ப நேரம் இழுத்துட்டேன்" என்று அவரே சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்.

இந்த நோட்டைப் பார்த்ததும் மெக்கானிக் என்ஜின் பக்கமே போகவில்லை. வண்டிக்கு அடியில் படுத்தார். டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், கிளாம்ப் மாட்டிய இடத்தில் மயிரிழை போல வெடித்திருந்தது. அது வழியாகக் காற்று உள்ளே போகிறது. வண்டி நிற்கும்போது குழாயில் உள்ள பெட்ரோல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடுகிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோலால் மறுநாள் காலை கிளம்பிவிடும். இரண்டு ராத்திரி நின்றால் கிண்ணத்துப் பெட்ரோலும் ஆவியாகிக் குறைந்துவிடும். குழாயும் காலி, கிண்ணமும் காலி. என்ஜின் சுற்றினால்தான் வேலை செய்யும் பம்ப், காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் இன்னும் சிரமம்.

புது பேட்டரி போட்டதும் ஒரு வாரம் சரியானதற்கும் இப்போது காரணம் புரிந்தது. புது பேட்டரி நீண்ட நேரம் சுற்றும், அந்த நேரத்தில் எப்படியோ பெட்ரோல் வந்து சேர்ந்துவிடும். அடித்து அடித்துப் பேட்டரி சோர்ந்ததும், பேட்டரிதான் போச்சு என்று எல்லோரும் நினைத்தார்கள். ஹோஸும் கிளாம்பும் சேர்த்து 180 ரூபாய். அதற்கு முன் செலவழித்தது ஏழாயிரத்துக்கு மேல்.

ஹோஸ் ஏன் வெடித்தது என்று கேட்டோம். வயசுதான் முதல் காரணம். இன்னொன்றும் உண்டு. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து விற்கிறார்கள், 2025ல் இந்தக் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ், வாஷர், பம்பு உள்ளே இருக்கும் சவ்வு இவற்றுக்கு எத்தனால் ஒத்துக்கொள்வதில்லை, சீக்கிரம் இறுகி வெடிக்கும். ஹோஸ் மாற்றும்போது எத்தனால் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

சில எச்சரிக்கைகள். செல்ஃபைப் பத்து செகண்டுக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், அரை நிமிடம் விட்டு அடுத்து அடியுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் கருகும். கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக் கிளப்புவது சிலருக்குப் பழக்கம். தீ திருப்பி அடித்தால் முகம் வெந்துவிடும், சீட்டுக்கு அடியில் என்ஜின் உள்ள வேன்களில் ஆபத்து இன்னும் அதிகம். மூடிய கொட்டகைக்குள் வண்டியை ஓடவிட்டு வைக்காதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

1983ல் வந்த மாருதி 800, 1984ல் வந்த மாருதி வேன் இவற்றின் பழைய மாடல்கள் எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். 2000ஐ ஒட்டி வந்த மாடல்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. அவற்றில் சோக் குமிழ் இல்லை, என்ஜின் சூட்டை ஒரு சென்சார் பார்த்துக்கொள்ளும். சாவியை ஆன் செய்ததும் பின்னால் 'உய்ங்' என்று இரண்டு செகண்ட் பம்ப் சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் பம்ப் பக்கம் பாருங்கள். டீசல் வண்டியில் சுருள் போல ஒரு விளக்கு எரியும், அது அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். குளிரில் மட்டும் நடுங்கி வெள்ளைப் புகை விட்டால் ஹீட்டர் பிளக் ஏதோ ஒன்று போயிருக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதினார்கள். வண்டியை அந்தச் சகோதரியே தொடர்ந்து ஓட்டுவார். டேங்கில் கால் பங்குக்குக் கீழே பெட்ரோல் விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்து நிமிடம் வண்டியை ஓட்டி வைக்க வேண்டும். "ஹோஸ்தான் மாத்தியாச்சே, அது எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனாலும் எழுதி வைத்தார்கள். சாவி தன் மகனுக்கு வேண்டும் என்று கேட்ட அம்மாதான் முதல் கையெழுத்துப் போட்டார். நோட்டு இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. போன வாரம் பார்த்தோம், திங்கட்கிழமைக்கு நேரே "1 தடவை" என்று எழுதியிருந்தது.