அவள் சோம்பேறி அல்ல!

குழந்தைகளே! நான் ஏழாம் வகுப்பு ஆசிரியராக இருந்தபோது நடந்தது இது. என் வகுப்பு மாணவி ஒருத்தி, முதல் பாடவேளையிலேயே டெஸ்க்கில் தலை சாய்த்து விடுவாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவாள். விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து விடுவாள். "சோம்பேறி" என்று பலமுறை திட்டியிருக்கிறேன்.

ஒருநாள் காலை, இறைவணக்கத்தின்போது மயங்கி விழுந்தாள். மருத்துவர் அவளது கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளுத்திருந்தது. ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "சோம்பேறி இல்லை சார், இவளுக்கு ரத்தசோகை" என்றார். எனக்கு வெட்கமாகி விட்டது.

ரத்தத்தில் என்ன இருக்கிறது?

பெரியவர்கள் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் பாதிக்கு மேல், பிளாஸ்மா என்ற இளமஞ்சள் நிறத் திரவம். உணவுச் சத்துக்களைச் சுமந்து செல்வதும், கழிவுகளைச் சிறுநீரகத்தில் சேர்ப்பதும் இதுதான். இதில் மூன்று வகை அணுக்கள் மிதக்கின்றன.

* சிவப்பணு: நுரையீரலில் இருந்து ஆக்சிஜனை உடலெங்கும் கொண்டு செல்லும். ஆயுள் சுமார் 120 நாட்கள்.
* வெள்ளையணு: நோய்க் கிருமிகளோடு போரிடும்.
* தட்டணு: காயம் பட்டால் ரத்தத்தை உறையச் செய்யும். டெங்கு காய்ச்சலில் குறைவது இதுதான்.

சோகை ஏன் வருகிறது?

சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கிறது. அதைத் தயாரிக்க இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால், எவ்வளவு மூச்சு இழுத்தாலும் மூளைக்கும் தசைக்கும் போதிய ஆக்சிஜன் போகாது. விளைவு: களைப்பு, தலைசுற்றல், பாடத்தில் கவனமின்மை.

வெறுங்காலுடன் அசுத்தமான மண்ணில் நடந்தால், கொக்கிப்புழு தோல் வழியாக நுழைந்து, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். இதனாலும் சோகை வரும்.

வேறு சில நோய்கள்

ஹீமோபிலியா இருந்தால், காயத்தில் ரத்தம் எளிதில் உறையாது. தலசீமியாவில் ஹீமோகுளோபின் சரிவர உருவாகாது. நோய் கடுமையானால் அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டும். அரிவாள் அணு நோயில் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து விடும். இம்மூன்றும் பிறவியிலேயே வருபவை. லுகேமியா என்பது ரத்தப் புற்றுநோய். சிகிச்சையால் இன்று குழந்தைகள் பலர் குணமடைகிறார்கள். இந்த நான்கும் தொற்றுநோய் அல்ல. எனவே, இந்நோய் உள்ள நண்பர்களை ஒதுக்காதீர்கள்.

நாம் என்ன செய்யலாம்?

* முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், ஈரல் சாப்பிடுங்கள்.
* கூடவே நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா சேர்த்துக் கொண்டால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும்.
* சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். அவை இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும்.
* வெளியே போகும்போது செருப்பு அணியுங்கள்.
* பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியே வீசாதீர்கள். சாப்பிட்ட பின் விழுங்குங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

அந்த மாணவிக்கு மருத்துவர் பூச்சி மாத்திரையும், இரும்புச்சத்து மாத்திரையும் தந்தார். சில மாதங்களில் முகம் தெளிந்தது. அந்த ஆண்டு விளையாட்டு விழாவில், தொடர் ஓட்டத்தில் ஓடினாள். பரிசு கிடைக்கவில்லை, ஆனாலும், அன்று அதிகம் கை தட்டியது நான்தான்!

உங்கள் வகுப்பிலும் எப்போதும் சோர்ந்திருக்கும் நண்பர் இருக்கலாம். கேலி செய்யாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை, உண்மையைச் சொல்லிவிடும்.