லாரி இல்லாத மலைப்பாதை... சைக்கிளுக்கு தனி ரூட் கிடைக்குமா?

மேல்விஷாரம்:

மேல்விஷாரத்தில் இருந்து சைக்கிளை எடுத்தால் ஆற்காடு பக்கம் போனாலும், வேலூர் பக்கம் போனாலும் முதலில் எதிரே நிற்பது சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலைதான். தோல் ஷாப்புக்கும், ஷூ கம்பெனிக்கும் ஷிப்டு வேலைக்கு போகிறவர்கள், பள்ளி, கல்லூரி பிள்ளைகள் என எல்லோருக்கும் அதே கதிதான். பின்னால் ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு கண்டெய்னர் லாரி வந்தால், ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி நிற்பதை தவிர வேறு வழி இல்லை.

2022-ம் ஆண்டு தமிழ்நாட்டில் 64 ஆயிரத்து 105 சாலை விபத்துகள் நடந்தன. இந்தியாவிலேயே இதுதான் அதிகம். அதில் உயிரை விட்டவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். நாட்டின் மொத்த ரோடுகளில் தேசிய நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் அந்த ஆண்டு சாலை விபத்தில் இறந்தவர்களில் 100-க்கு 36 பேர் அந்த ரோடுகளில்தான் இறந்தனர்.

பிளஸ்-1 படிக்கும் மாணவ-மாணவிகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. சைக்கிள் கையில் இருக்கிறது, பயமில்லாமல் ஓட்ட பாதைதான் இல்லை. அதனால்தான் லாரியும், பஸ்சும் வராத ரோடு எங்கே என்று இளைஞர்கள் ஏலகிரி, ஜவ்வாது மலை பக்கம் பார்வையை திருப்புகிறார்கள். அங்கு மட்டும் தனி பாதை இருக்கிறதா? வெளிநாட்டில் எப்படி போட்டார்கள்? இங்கே என்ன தடை? பார்ப்போம்.

பழைய ரெயில் பாதை

மலைப்பள்ளத்தாக்கில் சைக்கிளுக்கு தனி பாதை போட உலகம் கண்டுபிடித்த சுலப வழி, கைவிட்ட ரெயில் பாதை. ரெயில் என்ஜின் செங்குத்தாக ஏறாது. சாதாரண ரெயில் பாதை 100 மீட்டர் தூரத்துக்கு 1 அல்லது 2 மீட்டர்தான் ஏறும். தண்டவாளத்தை கழற்றிவிட்டு ஜல்லி போட்டு இறுக்கினால் வயதானவர்கள் கூட மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். பாலமும், குகையும் ஏற்கனவே ரெடி.

நியூசிலாந்தில் ஒட்டாகோ என்ற பகுதி உள்ளது. ஒரு காலத்தில் தங்கம் தோண்டிய மலை நாடு. பிறகு ஆடு மேய்ச்சல்தான் பிழைப்பு. அங்கு ஓடிய ரெயிலை 1990-ல் நிறுத்திவிட்டார்கள். அந்த தடத்தை அரசின் இயற்கை பாதுகாப்பு துறை வாங்கி, 2000-ம் ஆண்டில் சைக்கிள் பாதையாக திறந்தது. நீளம் 152 கி.மீ. மோட்டார் வண்டிக்கு தடை. ஆள் போய்க்கொண்டிருந்த சின்ன ஊர்களில் தங்கும் விடுதி, டீக்கடை, சைக்கிள் வாடகை கடை என்று தொழில் முளைத்தது.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் இருந்து இத்தாலி கடற்கரையில் உள்ள கிராடோ வரை 400 கி.மீ.க்கு மேல் ஆல்ப்ஸ் மலையை தாண்டி ஒரு சைக்கிள் வழி போகிறது. இத்தாலி எல்லைக்குள் அதன் ஒரு பகுதி பழைய ரெயில் தடம். நடுவில் ஏறவே முடியாத ஒரு மலை குறுக்கே நிற்கிறது. அந்த இடத்தில் சைக்கிளை ரெயிலில் ஏற்றி, மலை குகை வழியாக அந்தப்பக்கம் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நம்ம ஊர் நிலவரம்

வாலாஜா ரோடு ரெயில் நிலையத்துக்கு பெரிய சரித்திரம் உண்டு. 1856-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில். ஆனால் அது இன்றும் பிசியான லைன். தண்டவாளத்தை கழற்றும் பேச்சுக்கே இடம் இல்லை.

மலைப்பள்ளத்தாக்கில் கைவிட்ட ரெயில் பாதை தென்னிந்தியாவில் ஒன்று உண்டு. மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிச்சென்ற குட்டி ரெயில் அது. டாப் ஸ்டேஷனில் இருந்து ரோப் காரில் தேயிலை மூட்டைகள் போடி பக்கம் உள்ள கொட்டகுடிக்கு இறங்கின. 1924 பெருவெள்ளம் அந்த ரெயிலை அடித்துக்கொண்டு போனது. பிறகு யாரும் அதை மீண்டும் போடவில்லை. அந்த தடத்தில் பல இடங்களில் இப்போது மோட்டார் ரோடுதான் ஓடுகிறது.

உத்தரபிரதேசத்தில் 2016-ல் எடாவா முதல் ஆக்ரா வரை 207 கி.மீ. சைக்கிள் பாதையை தடபுடலாக திறந்தார்கள். பராமரிப்பு இல்லாததால் பல இடங்களில் அது பாழானது. பாதை போடுவது பாதி வேலைதான். அதை காப்பாற்றுவதுதான் மீதி பாதி.

ஏலகிரி, ஜவ்வாது

ஏலகிரி மலை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். பொன்னேரியில் இருந்து ஏறும் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். இது சைக்கிளுக்கான தனி பாதை அல்ல. சனி, ஞாயிறுகளில் கார் வரிசை கட்டும். வேலை நாளில் விடிகாலை என்றால் ரோடு காலியாக கிடக்கும். மேலே போய்விட்டால் அத்தனாவூர், நிலாவூர், மங்கலம் என்று சின்ன சின்ன ஊர்களை இணைக்கும் ரோடுகளில் நிம்மதியாக சுற்றலாம்.

வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக காவலூர் போய் ஜமுனாமரத்தூர் வரை செல்லும் ஜவ்வாது மலை ரோடும் நெடுஞ்சாலையோடு ஒப்பிட்டால் அமைதியானது. காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. வெளிச்சம் குறைந்த இடம் என்பதால்தான் அங்கே தொலைநோக்கி வைத்தார்கள். இருட்டினால் ரோட்டிலும் அதே இருட்டுதான். கரடி நடமாட்டமும் உண்டு. அதனால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும்.

காட்டுக்குள் பிரியும் மண் பாதைகளில் நினைத்தபடி சைக்கிளை விட முடியாது. வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு கட்டுப்பாடு இறுகியது. 2024 அக்டோபரில் நடந்து செல்பவர்களுக்காக 40 மலைப்பாதைகளை வழிகாட்டி, ஆன்லைன் பதிவுடன் அரசு திறந்தது. ஏலகிரி சுவாமிமலை பாதையும் அதில் இருக்கிறது. நடப்பவருக்கு செய்ததை சைக்கிள்காரருக்கும் செய்தால் என்ன என்பதுதான் கேள்வி.

என்ன செய்யலாம்?

இதற்கு கோடிக்கணக்கில் கொட்ட வேண்டும் என்று இல்லை. வாரத்தில் ஒரு நாள் காலை 3 மணி நேரம் மலை மேல் உள்ள ஒரு ரோட்டில் மோட்டார் வண்டியை நிறுத்தினால் போதும், சோதனை பார்த்துவிடலாம். அந்த ஊர் மக்களின் வண்டிக்கும், ஆம்புலன்சுக்கும் மட்டும் விலக்கு தரலாம். கூட்டம் வந்தால் சாமை சோறும், தேனும் விற்கும் மலைவாழ் மக்களுக்கு நாலு காசு கிடைக்கும். அந்த வருமானம் வந்தால் பாதையை அவர்களே காப்பாற்றுவார்கள்.

மேல்விஷாரத்தில் இருந்து கிளம்புகிறவர்கள் நெடுஞ்சாலையில் 100 கி.மீ. அளவுக்கு மிதித்து உயிரை பணயம் வைக்க தேவையில்லை. வாலாஜா ரோடு அல்லது காட்பாடியில் சைக்கிளை லக்கேஜாக புக் செய்து பிரேக் வேனில் ஏற்றி ஜோலார்பேட்டையில் இறக்கிக்கொள்ளலாம். எந்த ரெயிலில் ஏற்றுவார்கள் என்று முதல் நாளே பார்சல் ஆபீசில் விசாரித்துக்கொள்வது நல்லது.

பிரேக் கட்டையை மாற்றாமல் மலை ஏறாதீர்கள். பழைய கம்பி பிரேக் சைக்கிள் மழையில் நனைந்தால் இறக்கத்தில் நிற்காது. இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாக அழுத்தாமல் விட்டு விட்டு பிடிக்க வேண்டும். ஹெல்மெட், முன்னும் பின்னும் லைட், 2 லிட்டர் தண்ணீர், பஞ்சர் சாமான் அவசியம்.

மலைக்கு போவது லீவு நாள் சமாச்சாரம். ஷூ கம்பெனிக்கும், பள்ளிக்கும் தினமும் மிதிக்கிறவர்களுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி ஏற முடியாதபடி தடுப்பு வைத்த 2 மீட்டர் பாதை கிடைத்தால் அதுவே பெரிய விஷயம். ஏலகிரிக்கு முன்னால் அது வர வேண்டும்.