குளியல் அறையை இடித்தோம்: 45 நாள் பட்ட பாடு!

"10 நாள் வேலைதான், சார். பொங்கலுக்குப் புது குளியல் அறையில் குளிக்கலாம்" என்றார் கொத்தனார்.

பொங்கல் வந்தது. போயிற்று. குளியல் அறை வரவில்லை!

45 நாட்கள் கொல்லையில் கீற்று மறைப்புக்குள் குளித்தோம். அப்போது நாங்கள் கற்றுக்கொண்டதை, வீட்டைப் பழுது பார்க்க நினைக்கும் எல்லோரும் தெரிந்து கொள்வது நல்லது.

ஏன் இடித்தோம்?

எங்கள் வீடு 30 ஆண்டுப் பழையது. சுவருக்குள் இருந்த இரும்புக் குழாய் துருப்பிடித்து ஒழுகியது. கூடத்துச் சுவரில் ஈரம் ஏறியது. சுண்ணாம்பு பொரிந்து விழுந்தது.

குளியல் அறையும் கழிப்பறையும் ஒன்றாகவே இருந்தன. ஆகவே, இரண்டையும் சேர்த்து இடிக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் நாங்கள் 5 பேர். என் தாயாருக்கு வயது 74. மகளுக்கு 15. மகனுக்கு 8.

கீற்று மறைப்பு

கொல்லையில் 4 சவுக்குக் கம்புகளை நட்டோம். சுற்றிலும் தென்னங்கீற்று கட்டினோம். மேலே தார்ப்பாய். கீழே 2 கடப்பா கல். குளித்த தண்ணீர் வாழை மரத்துக்கு ஓடியது.

கழிப்பறையை அப்படி அமைக்க முடியுமா? முடியாது. கழிவு கண்ட இடத்தில் போகக்கூடாது. செப்டிக் டேங்க் அருகிலேயே செங்கல் மேடை கட்டி, பீங்கானைப் பதித்தோம். 4 அங்குலக் குழாயால் டேங்குடன் இணைத்தோம். பீங்கானுக்கு அடியில் ஒரு வளைவு உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான்.

"டேங்க் நிறைந்து இருக்கிறது. ஓர் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யலாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"வேண்டவே வேண்டாம்" என்றேன். உள்ளே விஷ வாயு இருக்கும். இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்றப் போகிறவரும் விழுவார். பாதுகாப்புக் கருவி இன்றி ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரியை வரவழைத்து, குழாய் மூலம் கழிவை உறிஞ்சி எடுக்கச் செய்தோம்.

அம்மா மயங்கி விழுந்தார்!

12-வது நாள் காலை. அம்மா திண்ணையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடினோம்.

"தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள், அம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா தலையைக் குனிந்து கொண்டார்.

"ராத்திரி இருட்டில் கொல்லைக்குப் போகணுமே, பயமாக இருக்கிறது. அதனால் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை" என்றார்.

எங்களுக்குப் பகீர் என்றது!

தண்ணீர் குறைந்தால் உடல் வறளும், தலை சுற்றும். சிறுநீரை அடக்கி வைத்தால் கிருமி சேர்ந்து காய்ச்சலும் வரலாம். டாக்டர் இதை விளக்கிச் சொன்னார்.

வீடு திரும்பியதும் என் மனைவி மகளைத் தனியாக அழைத்துக் கேட்டாள். அவளும் அதே கதையைத்தான் சொன்னாள்!

"மாடி வீட்டில் இருந்து பார்த்தால் தெரியுமே, அம்மா. பள்ளிக்கூடம் போகும் வரை அடக்கிக் கொள்வேன்" என்றாள்.

கம்பு உறுதியாக இருக்கிறதா என்று நான் ஆட்டிப் பார்த்தேன். கீற்றை எண்ணிப் பார்த்தேன். ஆனால் உள்ளே போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

அன்றே மாற்றினோம்

அன்று மாலையே கொல்லை வழியில் விளக்குப் போட்டோம். பிடித்து நடக்க மூங்கில் கட்டினோம். மறைப்பை உயர்த்தி, மேலே முழுவதும் மூடி, தாழ்ப்பாளுடன் கதவும் வைத்தோம். இரவில் அம்மா படுக்கை அருகே ஒரு கமோடு நாற்காலி. அவ்வளவுதான். இருவரும் பழையபடி தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்கள்.

ஏன் 45 நாள்?

கொத்தனாரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. சிமெண்டு பூச்சு உறுதிப்பட, குறைந்தது 7 நாள் அதை ஈரமாக வைத்திருக்க வேண்டும். பிறகு நீர் கசியாத பூச்சு. அதன்பின் தரையில் தண்ணீர் கட்டி, 2 நாள் விட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முதல் சோதனையிலேயே மூலையில் கசிந்தது. அந்த இடத்தைக் கொத்தி, மறுபடி பூசி, மறுபடி தண்ணீர் கட்டினோம். அவசரப்பட்டு டைல்ஸ் ஒட்டி இருந்தால், எல்லாவற்றையும் மீண்டும் இடிக்க நேர்ந்திருக்கும்!

மறக்காதீர்கள்!

* கீற்று மறைப்புக்குள் மின்சார ஹீட்டர் கம்பி வேண்டாம். ஈரத்தில் மின்சாரம் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. அடுப்பில் காய்ச்சிய தண்ணீரே போதும்.

* டிரம் தண்ணீரை மூடி வையுங்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரிலும் முட்டை இடும். வாரம் ஒரு முறை டிரம்மைக் கவிழ்த்துத் தேயுங்கள்.

* செப்டிக் டேங்க் மூடியை ஒரு நிமிடம்கூடத் திறந்து போடாதீர்கள். குழந்தைகள் ஓடி வருவார்கள்.

புது குளியல் அறையில் அம்மாதான் முதலில் குளித்தார். அங்கேயும் சுவரில் ஒரு கைப்பிடி பதித்து இருக்கிறோம்.

நீங்களும் வீட்டை இடிக்கப் போகிறீர்களா? "எத்தனை நாள் ஆகும்?" என்று கொத்தனாரைக் கேட்கும் முன், வீட்டுப் பெண்களையும் பெரியவர்களையும் கேளுங்கள்: "இரவில் எங்கே போவீர்கள்?"