இசைக் கல்லூரித் தேர்வுக்கு ஆயத்தம்



இசைக் கல்லூரியிற் சேர விரும்புவோர் பாடவும் வாசிக்கவும் பல ஆண்டுகள் பயின்றிருப்பர். ஆயின் நுழைவுத் தேர்வில் இசையிலக்கணமும் இசை வரலாறும் பற்றிய வினாக்கள் வந்தவுடன் அவர்களிற் பலர் திகைத்துவிடுகின்றனர். நான் சங்கீத வித்துவான் அல்லேன். பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இத்தகைய மாணவர் சிலருக்குத் தேர்வுக் காலத்தில் துணை நின்றதுண்டு. அவ்வளவில் நான் அறிந்ததைக் கூறுகின்றேன்.

நாகசுரக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் என்னிடம் வந்தான். கரகரப்பிரியா இராகத்தை அவன் வாசித்தால் தெருவிற் போவோரும் நிற்பர். அது எத்தனையாவது மேளம் என்று வினவினேன். “அப்பா அதைச் சொல்லித் தரவில்லை, ஐயா” என்றான். அக்குடும்பத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லவிருந்த முதற்பிள்ளை அவன். இடம் தவறிப்போனால், மறு ஆண்டும் முயல விடும் வசதி அவன் தந்தையாருக்கு இல்லை.

மேளகர்த்தா இராகங்கள் 72. இவற்றின் பெயரையும் எண்ணையும் நெட்டுருச் செய்வது வீண் உழைப்பு. பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களிலேயே எண் மறைந்து கிடக்கின்றது. இம்முறைக்குக் கடபயாதி என்று பெயர். ககர வரிசை முதலாக வடமொழி மெய்யெழுத்துக்களுக்கு எண்கள் தரப்பட்டுள்ளன, உயிரெழுத்துக்கு மதிப்பில்லை. கிடைக்கும் இரண்டு எண்களையும் முன்பின்னாக மாற்றிப் படிக்க வேண்டும். மாயாமாளவகௌளையில் ‘மா’ 5, ‘யா’ 1. 51 என்பதைத் திருப்பினால் 15. அதுவே அதன் மேள எண்.

இம்முறையைக் கற்பித்த மறுநாள், அம்மாணவன் கரகரப்பிரியா 21ஆவது மேளம் என்று எழுதி வந்தான். ‘க’ 1, ‘ர’ 2; திருப்பினால் 21. கணக்கில் பிழையில்லை; ஆயினும் விடை தவறு. காரணம் நம் எழுத்தில் இருக்கின்றது. தமிழில் ஒரே ககரம் வடமொழியின் நான்கு ஒலிகளுக்கு நிற்கின்றது. கமலத்தின் ககரம் 1. சுகத்தின் ககரம் 2. கங்கையின் ககரம் 3. மேகத்தின் ககரம் 4. கரகரப்பிரியாவின் முதலெழுத்து சுகத்தில் வரும் ககரம். ஆகவே 2, 2, எண் 22. அவன் எழுதிய 21 கீரவாணிக்கு உரியது! தமிழ்வழிப் பயில்வோர் பெரிதும் இடறுவது இவ்விடத்தில்தான். தகரத்திலும் இதே இடர்ப்பாடு உண்டு, தீரசங்கராபரணத்தின் ‘தீ’க்கு மதிப்பு 9, ‘ர’வுக்கு 2, ஆகவே அது 29ஆவது மேளம். இராகப் பெயர்களைப் பாடக் கேட்டு, வடமொழி ஒலியோடு ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டால் இவ்விடர் தீரும்.

எண் தெரிந்தால் சுரங்களும் தெரியும். முதல் 36 மேளங்களுக்குச் சுத்த மத்தியமம். பின் 36க்குப் பிரதி மத்தியமம். ஆறாறாகப் பகுத்தால் 12 சக்கரங்கள். அவற்றின் பெயர்களும் எண்களே: இந்து ஒன்று, நேத்திரம் இரண்டு, வேதம் நான்கு, ருது ஆறு, ஆதித்தியர் பன்னிருவர். 22 என்பது வேத சக்கரத்தின் நான்காம் மேளம். சக்கரத்தைக் கொண்டு ரிஷப காந்தாரங்களை அறியலாம்: சதுச்சுருதி ரிஷபம், சாதாரண காந்தாரம். சக்கரத்துள் அது நிற்கும் இடத்தைக் கொண்டு தைவத நிஷாதங்களை அறியலாம்: சதுச்சுருதி தைவதம், கைசிகி நிஷாதம். 22உடன் 36ஐக் கூட்டுங்கள், 58 வரும். அது ஹேமவதி, மத்தியமம் ஒன்றே வேறுபடும். இதனைச் சொன்னபோது அப்பையன் குழலை எடுத்து இரண்டையும் வாசித்துப் பார்த்துச் சிரித்தான். அதன்பின் அவனுக்கு என் துணை அதிகம் தேவைப்படவில்லை. அவ்வாண்டே இடமும் பெற்றான்.

வரலாற்றுக்கு வருவோம். ஆண்டுகளைத் தனித்தனியே மனனம் செய்வோர் தேர்வு மண்டபத்தில் அவற்றை மாற்றி எழுதிவிடுவர். நூலையும் அது தோன்றிய சூழலையும் இணைத்துப் படித்தல் நன்று. பதினேழாம் நூற்றாண்டில், தஞ்சை நாயக்க மன்னர் விஜயராகவர் காலத்தில், வேங்கடமகி ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யை இயற்றினார். 72 மேளங்களைக் கணக்கிட்டுக் காட்டியவர் அவரே. ஆயினும் அன்று வழக்கில் இருந்தனவாக அவர் கூறியவை 19 மட்டுமே. கணக்கு முன்னே வந்தது. இராகங்களிற் பல பின்னே வந்தன! கனகாங்கி, ரத்னாங்கி என்று தொடங்கும் இன்றைய பெயர் வரிசை அவருக்குப் பிற்பட்டது. வினாவில் இவ்வேறுபாட்டைக் கேட்கக்கூடும்.

மும்மூர்த்திகள் மூவரும் பிறந்தது திருவாரூரில். சியாமா சாஸ்திரிகள் 1762 முதல் 1827 வரையும், தியாகராசர் 1767 முதல் 1847 வரையும் வாழ்ந்தனர். முத்துசாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அதே எட்டயபுரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ வெளிவந்ததை இதனோடு சேர்த்து நினைவிற் கொள்க. தமிழிசை ஆராய்ச்சியில் ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ 1917இலும், விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூல்’ 1947இலும் வந்தன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு பெயர்களையும் வரிசை பிறழாது எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

தாளத்திற்கு நெடிய பயிற்சி வேண்டா. ஏழு தாளங்களை ஐந்து சாதிகளாற் பெருக்கினால் 35. துருதத்திற்கு இரண்டு, அனுதுருதத்திற்கு ஒன்று என்பன மாறா; லகு ஒன்றே சாதிக்கேற்ப மாறும். நாம் நாள்தோறும் போடும் ஆதி தாளம் சதுரச்ர சாதித் திரிபுடையே: நான்கும் இரண்டும் இரண்டுமாக எட்டு அட்சரங்கள். எழுதுமுன் மேசைக்குக் கீழே கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தேர்வாளர் அதற்குத் தடை சொல்லமாட்டார்.